பூட்ஸை இழுக்க ஓர் ஆள்

குதிரை பார்க்கிற சைஸ் பிச்சைமுத்துவைத் திமிர் பிடித்தவன் என்று சொல்கிறவன் எவனாக இருந்தாலும் என் கடைப் பக்கம் வரவேண்டாம். செருப்பு அறுந்து தொங்கினாலும் சரி, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். நான் அர்ஜுனன். இந்த மலாய்த் தீவில், டத்தோ கிராமாட்டில் இருபது வருஷமாகப் பூட்ஸும் சேணமும் தைக்கிறேன். அவனுக்குப் பூட்ஸ் தைத்தவன் நான்தான். திடலில் அது நடந்தபோது பத்தடி தள்ளி நின்றவனும் நான்தான். இந்த ஊரில் ஆளுக்கொரு கதை கட்டிவிட்டார்கள். கோப்பையை எட்டி உதைத்தானாம், துரையைச் சாட்டையால் அடித்தானாம். மண்ணாங்கட்டி! நடந்ததை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

பிச்சைமுத்து எதிர்க்கரையில் பத்து காவான் என்கிற ஊரின் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவன். பதினாலு வயதில் சம்பான் படகு ஏறித் தீவுக்கு வந்து ஒரு துரையின் லாயத்தில் சைஸாகச் சேர்ந்தான். குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, தீனி வைத்து, நடத்திக் கொண்டுபோய், துரை ஏறுவதற்கு முன்னால் தானே ஏறி அதன் கிறுக்கையெல்லாம் தணித்துக் கொடுக்க வேண்டும். பதினேழு வருஷம் அந்த வேலை. தடை தாண்டுகிற குதிரைகளை அவன்தான் பழக்கினான். வெறுங்காலோடு, குதிரை முதுகில் சேணத்துக்குப் பதில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு. கோப்பை வாங்கினது துரை.

அதெல்லாம் அவனுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அவன் வயிற்றெரிச்சல் வேறு. குதிரையேற்றப் பூட்ஸ் முழங்கால் வரை ஏறி, தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும். போட்டவன் தன் கையால் கழற்ற முடியாது. சைஸ்தான் கழற்ற வேண்டும். எப்படித் தெரியுமா? துரை நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவார். சைஸ் துரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அந்தக் காலைத் தன் இரண்டு தொடைக்கும் நடுவில் வாங்கிக்கொண்டு குதிகாலைப் பிடித்து இழுப்பான். துரை இன்னொரு காலை இவன் பின்புறத்தில் ஊன்றி உதைப்பார். அப்போதுதான் பூட்ஸ் வரும். பதினேழு வருஷமும் பிச்சைமுத்துவின் சாரத்தில் பின்பக்கம் ஒரு சேற்றுத் தடம் இருந்தது. அவன் மனைவி புஷ்பவள்ளி அதைத் துவைத்துத் துவைத்து அலுத்துப்போய், ஒருநாள் துவைக்காமலே கொடியில் போட்டுவிட்டாளாம்.

அந்தத் துரை சீமைக்குத் திரும்பிப் போனதும் இவன் ஷேக் அலாவுதீன் முதலாளியிடம் சேர்ந்தான். முதலாளி லாயங்களுக்குக் கொள்ளும் புல்லும் விற்கிறவர். தீவில் இருக்கிற வெள்ளைக்காரக் குதிரைகளில் பாதி அவர் தீனியைத்தான் தின்றன. பந்தயத்தில் முதுகு புண்ணாகி, சுட்டுவிடலாம் என்று ஒதுக்கி வைத்திருந்த ஆஸ்திரேலியப் பெட்டைக்குதிரை ஒன்றை அவர் வாங்கி வந்தார். செந்நிறம். பிச்சைமுத்து அதற்குச் செவலை என்று பெயர் வைத்தான். எட்டு மாதம் புண்ணுக்கு மருந்து போட்டான், ஆறு மாதம் ஏறாமல் கூடவே நடந்தான். அப்புறம் ஏறினான். நாலடி வேலியை அது கால் படாமல் தாண்டியதை நானே பார்த்தேன்.

1927-இல் வெள்ளைக்காரர் சிலர் சேர்ந்து ஒரு குதிரைக் காட்சி நடத்தினார்கள். தீவில் இருக்கிற எந்தக் குதிரையும் தடை தாண்டும் போட்டிக்கு வரலாம் என்று நோட்டீசில் இருந்தது. முதலாளி பெயர் கொடுத்தார். பிச்சைமுத்து செவலையோடு போய் நின்றான். பெயர் பதிகிற மேசையில் மீசை வைத்த துரை ஒருத்தர். குதிரையைப் பார்க்கவில்லை, இவன் காலைத்தான் பார்த்தார்.

"பூட்ஸ் இல்லாதவன் உள்ளே வரக்கூடாது. சேணம் இல்லாத குதிரையும் வரக்கூடாது. விதி" என்றார், சந்தை மலாயில்.

வெறுங்கால் என்று சொல்லிச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிச்சைமுத்து செவலையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வீடு திரும்பினான். வழியில் என் கடை முன்னால் நின்றான்.

"அண்ணே, அடுத்த வருசம் பூட்ஸோட போறேன். எவன் சிரிக்கிறான்னு பாக்குறேன்."

முதலாளிக்கும் மூக்கு உடைந்திருந்தது. "வெள்ளிக் காசப் பத்திப் பேசாதே, பிச்சை! ஆக ஒசந்ததா எடு" என்று சொல்லிவிட்டார். துரைமார் வாங்குகிற ஒரு கடைக்குத் தானே போய், இருந்த சேணங்களிலேயே விலை கூடினதைக் கொண்டுவந்தார். பன்றித்தோல், பித்தளை முத்திரை, பார்க்கிறவன் வாயைப் பிளப்பான். முதலாளி கையில் துணி சுற்றிக்கொண்டுதான் அதைத் தொட்டார், பாவம். பிச்சைமுத்து அதைப் பூட்டி அரைமணி நேரம் வெயிலில் ஓட்டிவிட்டு வந்து கழற்றினான். செவலையின் முதுகு முழுக்க வேர்வை. தோள் மேட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் உலர்ந்து கிடந்தது.

"அமுக்குற எடத்துல வேர்வை வராது, மொதலாளி. பழைய புண்ணு இருந்த எடம் இது. இந்தச் சேணம் ஆவாது."

"அடேய், லண்டன்லேர்ந்து வந்ததுடா இது!"

"குதிரை லண்டன்லேர்ந்து வரலியே, மொதலாளி."

முதலாளிக்கு வந்த கோபத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆனால் பிச்சைமுத்து மசியவில்லை. இரண்டாவது சேணம் வந்தது, அதுவும் ஒரு பக்கம் அமுக்கியது. மூன்றாவது, முத்திரை ஏதும் இல்லாத பழுப்புச் சேணம். கடைக்காரன் அதை அலமாரியின் அடித்தட்டில் தள்ளி வைத்திருந்தானாம். அதைப் பூட்டி ஓட்டிக் கழற்றினபோது வேர்வை ஒரே சீராக இருந்தது. நான் ஈயக்கம்பியை வளைத்துச் செவலையின் முதுகுக்கு அளவெடுத்து, அடியில் கம்பளி மயிரைக் கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் திணித்துச் சரிசெய்து கொடுத்தேன். முத்திரை இல்லையே என்று முதலாளி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

பூட்ஸுக்கு என்னிடம்தான் வந்தான். காலையிலேயே வந்து நின்றவனை விரட்டினேன். நம் ஊர் வெயிலுக்குப் பிற்பகலில் கால் வீங்கும். காலையில் அளவு கொடுக்கிற துரை மத்தியானத்தில் அலறுவார். குதிரை ஓட்டிவிட்டு நாலு மணிக்கு வா என்றேன். வந்தான். அடேயப்பா, அந்தப் பாதம்! பிறந்ததிலிருந்து எதற்குள்ளும் போகாத பாதம். கட்டைவிரல் ஒரு திசை, மற்ற நாலும் ஒரு திசை. என்னிடம் இருந்த அச்சுக்கட்டை எதுவும் உதவவில்லை, புதிதாகச் செதுக்கினேன். உள்பக்கத்துக்கு மெல்லிய கன்றுத்தோல் கேட்டான். அவன் கால் அசைவது செவலைக்குத் தெரிய வேண்டுமாம். அது நியாயம். அடுத்துக் கேட்டதில்தான் சண்டை வந்தது.

"பக்கத்துல கொக்கி வெச்சுத் தரேன்டா. நீயே அவுத்துக்கலாம்" என்றேன்.

"வேணாம். தொரைமாரு போடற மாதிரி. எடுத்த அளவுக்குக் கால் அங்குலம் கம்மியாவே வெய்யுங்க."

"பைத்தியமா ஒனக்கு? அப்புறம் யாரு இழுப்பா? ஒனக்கு சைஸ் இருக்கானா? நான் இழுக்கமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். காலுக்குத் தைப்பேன், எவன் காலையும் புடிக்கமாட்டேன்!"

அதைச் சத்தியமாகத்தான் சொன்னேன். தோலைத் தொடுகிறவன் என்று எங்களை எட்டி நிற்கச் சொன்னவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கப்பலேறி வந்து சொந்தமாகக் கடை போட்டு உட்கார்ந்தபின் எனக்கென்று நான் வைத்துக்கொண்ட ஒரே பிடிவாதம் அது. பெரிய பெரிய துரைகள் காலை நீட்டியிருக்கிறார்கள். உங்கள் ஆளைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

"நீங்க இழுக்க வேணாம்ணே, தைங்க போதும்" என்றான்.

தைத்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு ஜோடி தைத்ததில்லை. கறுப்பு, முகம் பார்க்கலாம். தினமும் அதைப் போட்டு ஓட்டிப் பழகினான். குதிகால் தோல் உரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாளும் போட்டான். வீட்டில் புஷ்பவள்ளி எண்ணெய் விட்டு, முணுமுணுத்துக்கொண்டே, அரைமணி நேரம் உருவி உருவிக் கழற்றுவாளாம்.

மறுவருஷம் அதே திடல், அதே மேசை, அதே மீசைத் துரை. பிச்சைமுத்து மேசைக்கு முன்னால் ஒரு காலைத் தூக்கி முன்வைத்து நின்றான். துரை பூட்ஸைப் பார்த்தார், சேணத்தைப் பார்த்தார், நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயரை எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாற்பது சைஸ்கள் நின்றிருந்தார்கள், நடுவில் நான்.

பதினோரு குதிரைகள். முதல் சுற்றில் மூன்று மட்டும் தடியைத் தட்டாமல் வந்தன. தடியை உயர்த்தினார்கள். ஒன்று மறுத்து நின்றது, இன்னொன்று பின்னங்காலால் தட்டியது. செவலை கடைசியாக வந்தது. பிச்சைமுத்து அவசரப்படவில்லை, கடிவாளத்தைத் தளர்த்தினான், அவ்வளவுதான். அது தாண்டி இறங்கினபோது நான் கத்திய கத்தலில் தொண்டை மூன்று நாள் கட்டிக்கொண்டது. வெட்கமாவது ஒன்றாவது!

பரிசு கொடுக்க மரப்பந்தல் போட்டிருந்தார்கள். ஐந்து படி, மேலே சிவப்புக் கம்பளம், ஒரு துரைசானி, மேசையில் வெள்ளிக் கோப்பை. பிச்சைமுத்துவைக் கூப்பிட்டார்கள். முதல் படியில் கால் வைக்கப் போனான். மீசைத் துரை குறுக்கே கையை நீட்டினார்.

"காசுத் பூக்கா!"

செருப்பைக் கழற்று என்று மலாயில் அர்த்தம். நம் ஆட்கள் துரைசானி முன்னால் வெறுங்காலோடுதான் போக வேண்டுமாம். இவனுக்கு முன்னால் வேறு போட்டிகளில் கோப்பை வாங்கின இரண்டு வெள்ளைக்காரர்கள் சேறோடு ஏறிப் போயிருந்தார்கள், கம்பளத்தில் தடம் அப்படியே இருந்தது. எனக்குக் காது சூடேறிவிட்டது. போன வருஷம் பூட்ஸ் இல்லை என்று துரத்தின அதே வாய்!

பிச்சைமுத்து சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்தில் கிடந்த மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். துரைக்கு நேராக வலது காலை நீட்டினான்.

"கழட்டுறேன், தொரை. ஆனா இத போட்டவன் தானா கழட்ட முடியாது. உங்களுக்குத் தெரியாததா? நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னு, காலைத் தொடைக்கு நடுவுல வெச்சு இழுங்க. நான் பின்னாடி ஒரு மிதி மிதிக்கிறேன். ஒடனே வந்துரும்."

அவன் பேசியது சந்தை மலாய். எல்லாருக்கும் புரிந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சைஸ் களுக்கென்று சிரித்தான், அப்புறம் நாற்பது பேரும். மீசைத் துரையின் வெள்ளைக் கால்சட்டை துளிக்கூட அழுக்குப்படாத கால்சட்டை. அதன் பின்பக்கத்தை எல்லாரும் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்து, கயிற்றுப் பக்கம் கையை நீட்டி, யாராவது வந்து இழுங்கள் என்று கத்தினார். ஒருத்தனும் அசையவில்லை. எல்லாரும் தினமும் இழுக்கிறவர்கள்தான். அன்றைக்கு ஒருவனுக்கும் கை வரவில்லை. அடுத்து என்னைக் காட்டினார்.

"நீதானே இதைத் தைத்தது? வா, இழு!"

"தைக்கிறதுதான் என் வேலை, தொரை. இழுக்கிறது இல்ல" என்றேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கடைசியில் முதலாளியைக் கூப்பிட்டார்கள். அவர் படியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே போய், குனிந்து கோப்பையை வாங்கிக்கொண்டார். அவரை நான் ஏசமாட்டேன். அந்தப் பந்தலில் இருந்தவர்களின் குதிரைகள்தான் அவர் தீனியைத் தின்கின்றன. ஆனால் இறங்கும்போது அவர் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. அதற்குள் பிச்சைமுத்து எழுந்து செவலைமேல் ஏறி, திடலின் முன்வாசல் வழியாகவே சாலைக்குப் போய்விட்டான்.

நான் லாயத்துக்குப் போனபோது பொழுது சாயவில்லை. பிச்சைமுத்து செவலையைத் தேய்த்துத் தண்ணீர் காட்டிவிட்டு, கொள்ளு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. காலையிலிருந்து போட்ட பூட்ஸ், கால் அங்குலம் குறைவான பூட்ஸ். கால் உள்ளே வீங்கிக் கல்லாகிவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து உருவப் பார்த்தான், அசையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பி நின்றேன். அவன் காலைத் தொடைக்கு நடுவில் வாங்கிக் குதிகாலைப் பிடித்தேன்.

"மிதிடா" என்றேன்.

"அண்ணே, நீங்க போயி…"

"நானாத்தான் புடிக்கிறேன், எவனும் சொல்லல. மிதி!"

இழுத்தேன். வரவில்லை. மிதித்தால் வந்திருக்கும். அவன் மிதிக்கவில்லை. மறுபடி கத்தினேன், தலையை ஆட்டினான். எவன் முதுகிலும் காலை வைக்கமாட்டானாம், கால் அழுகிப்போனாலும் சரியாம். அவனோடு யார் மல்லுக்கட்டுவது? இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, நான் என் கையால் போட்ட பின் தையலை மேலிருந்து கீழ்வரை அறுத்தேன். இரண்டு காலிலும். தோலில் ஒரு கீறல் படவில்லை.

அப்போது முதலாளி உள்ளே வந்தார். கையில் கோப்பை. அதைப் பிச்சைமுத்து பக்கத்தில் மூட்டைமேல் வைத்தார்.

பிச்சைமுத்து அதை ஒரு பார்வை பார்த்தான். "இதுல தண்ணி வெச்சாலும் செவலை வாய் நொழையாது, மொதலாளி" என்றான். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வருஷமும் பெயர் கொடுக்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். கொடுங்கள் என்றான் இவன்.

நான் அறுந்த பூட்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். "இந்தத் தடவையாவது கொக்கி வெச்சுத் தெச்சுத் தரேன்டா" என்றேன்.

வீங்கின காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "வேணாம்ணே. அதே இறுக்கம். அடுத்த வருசமும் இழுக்க அந்த மீசைத் தொரையத்தான் கூப்பிடுவேன்."