டீச்சரின் தலைமுடி

தையல் ஆலையில் மேற்பார்வையாளரை எதிர்த்துப் பேசியே வேலையைத் தொலைத்தவள் அவள். அங்கே வைத்த ‘வாயாடி’ என்ற பெயர் மட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வேலை தேடி அலைந்தபோதுதான் டீச்சரைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள்.

விபத்தொன்றில் டீச்சருக்குக் கழுத்துக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விட்டன. சக்கர நாற்காலியில் இருந்தபடி கணினி வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவந்தார். குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஊட்டுவது, சிறுநீர் சேரும் பையை மாற்றுவது எல்லாம் வாயாடியின் பொறுப்பு. முதல் வாரத்திலேயே அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது.

“கையால தூக்காத. முழங்காலுக்கு முழங்கால் முட்டுக் கொடுத்து, என்னை உன் மேல சாய விடு. நான் என்ன சிமெண்ட் மூட்டையா?” என்றார் டீச்சர்.

டீச்சருக்கு இடுப்பு வரை முடி. தலை அலசும் நாளில் அரைப்பொழுது அதிலேயே போய்விடும், அறையெல்லாம் தண்ணீர். ஆனால் தலையில் விரல் ஓடும்போதுதான் டீச்சர் பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். தொடுவது அவருக்குத் தெரிவது கழுத்துக்கு மேலே மட்டும்தானே!

ஒருநாள் காலை, மாடியில் குடியிருந்த டீச்சரின் அண்ணன் சலூன்காரரோடு உள்ளே வந்தார்.

“ஒட்ட வெட்டிட்டா எல்லாருக்கும் வேலை மிச்சம்.”

“வேண்டாம்ணா.”

“நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது.”

சலூன்காரர் தயங்கித் தயங்கி டீச்சரின் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினார். சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்த வாயாடி அண்ணனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“நான் என்ன செய்யட்டும் டீச்சர்?”

“இந்தத் துணியை எடு.”

எடுத்துவிட்டாள்.

“சம்பளத்துக்கு வந்தவ, உன் வேலையைப் பாரு!” அண்ணன் கத்தினார்.

“அதைத்தான் சார் பார்க்கறேன். அவங்க சொல்றதைச் செய்யத்தானே சம்பளம்?”

“இப்பவே வெளிய போ!”

“அவங்க போகச் சொன்னா போறேன்.”

“அவ போகமாட்டா,” என்றார் டீச்சர். “அவளை வேலைக்கு வச்சது நான்.”

சலூன்காரர் கத்தரியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நழுவினார். அன்றிலிருந்து, இரவில் டீச்சரைப் புரட்டிப் படுக்கவைக்க வந்துகொண்டிருந்த அண்ணி கீழே இறங்கவில்லை. வாயாடி அங்கேயே பாய் விரித்தாள். அவள் கணவன் போனில் குதித்தான்.

“யாரோ வீட்டுச் சண்டைக்கு நீ ஏன் தலையைக் கொடுக்கற?”

“தலையைக் காப்பாத்தத்தான்!” என்று போனை வைத்தாள்.

எத்தனை நாள்தான் ஒருத்தியே இரவும் பகலும் பார்க்க முடியும்? இரவு வேலைக்கு வேறொரு பெண்ணை வரச் சொன்னார் டீச்சர். வந்தவள் டீச்சரிடம் எதைக் கேட்டாலும் வாயாடியே முந்திக்கொண்டாள். “டீச்சருக்கு அது ஒத்துக்காது”, “டீச்சருக்கு இப்படிப் படுத்தாத்தான் பிடிக்கும்” என்று ஒரே அடுக்கு.

“கொஞ்சம் வாயை மூடறியா?” டீச்சரிடமிருந்து சட்டென்று வந்தது. “என் முடிவை அண்ணன்கிட்டேருந்து பிடுங்கி உன்கிட்ட கொடுக்கவா நான் சண்டை போட்டேன்?”

வாயாடிக்கு முகம் சுண்டிப்போனது. சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். டீச்சர் தானே பேசி, தானே அந்தப் பெண்ணை வேலைக்கு அமர்த்தினார்.

சாயங்காலம் வாயாடி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு காபி புகட்டினாள். டீச்சர்தான் ஆரம்பித்தார்.

“உர்ருன்னு இருக்காத.”

“சொன்னது சரிதான் டீச்சர். அதுக்காக அந்தப் பொண்ணு முன்னாடியா?”

“சலூன்காரர் முன்னாடி அண்ணனை நீ மட்டும் பேசலாமா?”

“அது வேற!”

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் வீம்பாக நின்ற வாயாடியும் சிரித்துவிட்டாள்.

அண்ணன் இன்றும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளும் அதற்காக ஏங்கவில்லை. ஆனால் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறார். டீச்சர் “இப்ப வேண்டாம்” என்றால் முணுமுணுத்துக்கொண்டே மாடியேறிவிடுகிறார்.