லாரன்ஸ் மேஸ்திரி திருப்பி வாங்கிக்கொண்ட ஏழு அடி

பேரிகைச் சந்தையில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வெல்டர் முனிரத்தினத்தின் குரல். நான்கு வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவன். "பெரியவரே, ஜாக்கி நழுவி, லாரி நம்ம லாரன்ஸ் மேஸ்திரி மேல உக்காந்துடுச்சு. நெஞ்சு நொறுங்கிடுச்சு. ஆஸ்பத்திரிக்கிக் கூடத் தாங்கல." அவ்வளவு சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல, என் மருமகள் எழுதுகிறாள். மூக்கண்டப்பள்ளியில் ரேடியேட்டர் பட்டறை வைத்திருந்த லாரன்ஸ் மேஸ்திரியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் கையால் அறை வாங்காத ஓட்டுநர் நம்மில் எத்தனை பேர்? தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். மரியாதையாக அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டேதான் அடிப்பார்.

முதல் அறை வாங்கியது, ஆவி அடங்காத ரேடியேட்டரின் மூடியில் நான் கையை வைத்தபோது. காது அடைத்துப் போய்க் கீழே உட்கார்ந்துவிட்டேன். "என் மூஞ்சியப் பாருங்க அண்ணாச்சி," என்றார். வலது கன்னம் முழுக்க வெந்து சுருங்கிய தோல். "நான் மூடியத் தொறந்தப்போ அறையறதுக்கு ஆள் இல்ல. ஒங்களுக்கு நான் இருக்கேன்."

எங்கள் வண்டி பழைய டீசல் வேன். பின்னால் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், தண்ணீர் டிரம். நானும் என் மனைவி ராஜம்மாவும் அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, சந்தை சந்தையாகக் குடமும் தார்ப்பாயும் கயிறும் விற்றோம். அஞ்செட்டி போன்ற ஊரில் சந்தை முடிந்தால் திரும்பப் பஸ் கிடையாது, வேன்தான் வீடு. இன்ஜின் முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்குள் இருக்கும். அதன் முனையில் ரேடியேட்டருக்குக் காற்று இழுக்கும் இரும்பு விசிறி.

ஒரு நாள் அந்த விசிறியின் இறக்கை ஒன்றில் விரிசல் கண்டேன். மறுநாள் அஞ்செட்டிச் சந்தை. முனிரத்தினத்தின் கொட்டகைக்குப் போனேன். "விசிறிக்கு வெல்டு வெச்சா நிக்காது பெரியவரே. சுத்துற வேகத்துல பிச்சிக்கும். வேற போடுங்க," என்றான். வேறு விசிறி வர மூன்று நாள் ஆகும். "இந்த ஒரு சந்தைக்குத் தாங்கினா போதும், வைடா," என்றேன். அவன் மாட்டேன் என்றான். நான் வாசலில் உட்கார்ந்துகொண்டு, அவனைத் திட்டி, கெஞ்சி, வைக்க வைத்தேன்.

போகும்போது தாங்கியது. திரும்பும்போது மலையேற்றத்தில் வெடி வெடித்தது போல ஒரு சத்தம். இறக்கை தகர மூடியைக் கிழித்துக்கொண்டு வந்து ராஜம்மாவின் வலது காலில் இறங்கியது. ரேடியேட்டர் பிளந்து, கொதிக்கும் தண்ணீர் அந்தக் காயத்தின் மேலேயே பீச்சியடித்தது. வெள்ளையாக எலும்பைப் பார்த்தேன். விற்பதற்கு வைத்திருந்த நைலான் கயிற்றால் தொடையை இறுக்கிக் கட்டி, எதிரே வந்த பால் டெம்போவில் ஏற்றினேன். கால் தப்பியது. முட்டி மடங்குவது நின்றுபோனது.

உடைந்த இறக்கையை லாரன்ஸ் கையில் எடுத்துப் பார்த்தார். "எவம்ல இதுக்கு வெல்டு வச்சது?" என்றார். "முனிரத்தினம்," என்றேன். யார் சொல்லி அவன் வைத்தான் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கொட்டகைக்குள் நாங்கள் மூன்று பேர்தான். முதல் குத்திலேயே முனிரத்தினத்தின் பல் தெறித்தது. அடி விழுந்தால் அவனுக்குத் தமிழ் போய்த் தெலுங்குதான் வரும். "நேனு வத்தன்னானு அன்னா, ஆயனே வினலேது," என்று கத்தினான். நான் வேண்டாமென்று சொன்னேன், அவர்தான் கேட்கவில்லை என்று அர்த்தம். இங்கே பதினைந்து வருஷம் இருந்தும் லாரன்ஸுக்குத் தெலுங்கில் கெட்ட வார்த்தை நாலுக்கு மேல் தெரியாது. ஓங்கிய கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொல்லுதான்?"

"மன்னிச்சுக்கச் சொல்றான்," என்றேன்.

மொத்தம் ஏழு அடி. இரண்டு பல் போனது. ஒரு கண் நிரந்தரமாக மங்கியது. முதல் குத்திலேயே காது அடைத்துப்போன முனிரத்தினத்துக்கு நான் சொன்ன பொய் கேட்கவில்லை; தான் சொன்னது புரிந்துதான் மேஸ்திரி அடித்தார் என்று நினைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை, அவனிடம் வேலையும் கொண்டுபோகவில்லை. ஒரு பொம்பளையின் காலை வெட்டியவன் என்று நீங்கள் எல்லோரும்தான் பேசினீர்கள்.

"மதினி காலுக்குப் பக்கத்துல இனிமே இரும்பு சுத்தக் கூடாது," என்றார் லாரன்ஸ். பெங்களூர் ரோட்டில் அடிபட்டுக் கிடந்த ஒரு காரிலிருந்து கரன்ட் விசிறியைக் கழற்றி வந்தார். பிளாஸ்டிக் இறக்கை. இரும்பு விசிறியை எடுத்துவிட்டு, தகரப் பட்டை அடித்து இதை ரேடியேட்டரோடு சேர்த்துக் கட்டி, ஸ்டியரிங் பக்கத்தில் சுவிட்ச் வைத்தார். இன்ஜின் மெதுவாக ஓடினாலும் விசிறி முழு வேகத்தில் சுற்றும். மலையேற்றத்தில் அதுதானே வேண்டும்.

ஓட்டிப் பார்க்கச் சூளகிரி பக்கம் போனோம். விசிறி சுற்றுகிறது, வெப்பமுள்ளோ சிவப்புக்கு ஏறுகிறது. நிறுத்தச் சொன்னார். ஒரு செய்தித்தாளைக் கிழித்து ரேடியேட்டரின் முன்னால் பிடித்தார். உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள், ரோட்டுப் பக்கம் பறந்தது. இரண்டு வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். விசிறி தலைகீழாகச் சுற்றி, எதிரே வரும் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது.

லாரன்ஸ் ரோட்டோரத்தில் நின்று, தன் வெந்த கன்னத்திலேயே தன்னை அறைந்துகொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று. ரத்தம் கசிந்தது. "அவன மாதிரி நானும் மதினியக் கொல்லப் பாத்தேனே!" என்றார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். வெல்டு வைக்கச் சொன்னதையும், முனிரத்தினம் தெலுங்கில் கத்தியதையும் சொல்லிவிட்டேன்.

அவர் கையில் ஸ்பேனர் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தால், வயரை மாற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். மறுபடி தாளைப் பிடித்தார், ஒட்டிக்கொண்டது. "முனிரத்தினம் வீட்டுக்கு விடுங்க," என்றார்.

அவன் சோற்றில் கை வைத்திருந்தான். "ஏழு அடிச்சேன்ல. ஏழையும் குடு," என்று அவன் வாசலில் மண்டி போட்டார். அவன் மாட்டேன் என்றான். ரோஷம் வரட்டும் என்று, தனக்குத் தெரிந்த அந்த நாலு வார்த்தையையும் சொல்லி அவனைத் திட்டினார். அப்புறம்தான் அவன் கை ஓங்கினான். மூன்றாவது அடியில் உதடு கிழிந்தது. நான்காவதில் முனிரத்தினம் அழ ஆரம்பித்தான். "எண்ணிக்கை விடாதல, இன்னும் மூணு," என்றார் லாரன்ஸ், வாயில் ரத்தத்தோடு. தெருவே கூடி நின்று குடிகாரச் சண்டை என்று சிரித்தது.

வேனில் ஏறியதும் என்னிடம் சொன்னார்: "பட்டறைக்காரங்க கிட்ட நீங்களே சொல்லணும். நான் சொன்னா அது கோள்."

நான் சொல்லவில்லை. வண்டியைக் கொண்டுபோகும்போதெல்லாம், "சொல்லியாச்சா?" என்பார். இல்லை என்பேன். "சரி, நிறுத்துங்க சார்," என்று வேலையைப் பார்ப்பார். அதன் பிறகு அவர் என்னை அடிக்கவுமில்லை, அண்ணாச்சி என்று கூப்பிடவுமில்லை. நான்கு வருஷம் அந்தச் 'சார்' என்னைக் குத்தியது.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியின் முன்பக்கம் முனிரத்தினம் தூக்கினான். "அன்னைக்கு மேஸ்திரிய அடிச்சவனே தூக்கிட்டுப் போறான் பாரு," என்று யாரோ என் காது படச் சொன்னார்கள். நான் மண் அள்ளிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அங்கேயும் வாய் திறக்கவில்லை.

அவர் பொருத்திய விசிறி இன்னும் ஓடுகிறது. ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுவல்ல, "சொல்லியாச்சா?" என்ற அந்த ஒரு கேள்விதான். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதச் சொன்னேன். முனிரத்தினம் பேரிகை ரோட்டில் மறுபடி கொட்டகை போட்டிருக்கிறான். ஒற்றைக் கண் பார்வைதான், ஆனால் கை சுத்தம். உங்கள் வேலையை அவனிடம் கொண்டுபோங்கள். அவன் முடியாது என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். என்னைப் போல வாசலில் உட்கார்ந்துகொள்ளாதீர்கள்.