செல்லதுரை அண்ணனின் வேம்பு

நேற்று மின்வாரியத்துக்காரர்கள் வந்து, கம்பியில் உரசுகிறது என்று எங்கள் தெரு வேம்பைக் கழித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பச்சை வாடை சாயங்காலம் வரை நின்றது. எனக்கு அது வந்தால் தோஹா வந்துவிடும். வேப்ப வாடைக்கு ஊர் ஞாபகம் வருவதுதான் முறை. எனக்கு எல்லாமே கோணல்.

கேமரா வைத்த போன் புதிதாக வந்த காலம். தோஹாவில் நஜ்மா பகுதியில் ஒரு பழைய கட்டடம்தான் கம்பெனி ஆட்கள் தங்கும் எங்கள் கேம்ப். முற்றத்தில் ஒரே மரம். செல்லதுரை அண்ணன் வைத்த வேம்பு. அரியலூர்ப் பக்கம், பிளம்பர். ஏசியில் சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றியே வளர்த்தார். கீழ்க்கிளை ஒன்று வாசல் பக்கம் வளைந்திருக்கும். மத்தியான டூட்டிக்குப் போகிறவர்கள் பஸ் வரும்வரை அதன் நிழலில் ஒண்டிக்கொள்வார்கள்.

நான் கம்பெனி டிரைவர். ஜப்பான்கார மேனேஜரின் மனைவிக்கு வண்டி ஓட்டினேன். நல்ல மனுஷி, கார் கதவைத் தானே திறந்துகொள்வார். ஒரு மாலில் ஜப்பான் பூ அலங்காரக் கண்காட்சி. இகெபானா என்று பேர். மேடமும் ஒன்று வைக்க வேண்டும். அதற்கு வளைந்த கிளை தேடி அலைந்தோம். ஒரு கவரைக் கொடுக்கக் கேம்ப் வாசலில் வண்டியை நிறுத்தினேன். மேடம் கண்ணாடியை இறக்கி, அந்தக் கிளையையே பார்த்தார். கேம்ப் பாஸ் "யெல்லா, யெல்லா" என்று அவசரப்படுத்திக்கொண்டே ரம்பத்தோடு ஓடினான். அண்ணன் சைட்டில் இருந்தார்.

சாயங்காலம் வந்து வெட்டுவாயைத் தடவினார்.

"எவன்டா வெட்டினது?"

சொன்னேன்.

"கண்காட்சியிலயா? நம்ம மரமா?" கோபம் பாதியில் இறங்கிவிட்டது. "வெள்ளிக்கிழமை லீவுதான. கூட்டிட்டுப் போடா. ஒரு தடவ பாத்துட்டா மனசு ஆறிடும்."

மறுநாள் மேடத்துக்குத் தண்ணீர் வாளி பிடித்தது நான்தான். தாழ்வான கறுப்புத் தட்டு, அதற்குள் முள்முள்ளாக ஒரு பித்தளைக் கட்டை. கிளையை அதில் குத்தி நிறுத்தினார். ஒரு இலையைக் கிள்ளுவார், பின்னால் போய் நின்று பார்ப்பார், இன்னொன்றைக் கிள்ளுவார். எல்லாவற்றையும் கிள்ளிவிட்டு அடியில் ஒரே ஒரு வெள்ளைப் பூ வைத்தார். இனிமேல்தான் அலங்காரம் தொடங்கும் என்று நான் வாளியோடு நின்றேன். அதோடு முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அண்ணன் சட்டையைத் தேய்த்துப் போட்டார். ஷூ இரவல்.

"பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கீங்கண்ணே."

"போடா, ஷூ கடிக்குது."

மால் வாசலில் நேபாளி செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தான், இன்று குடும்பத்தோடு வந்தால்தான் உள்ளே, தனி ஆளுக்கு இல்லை என்று. "பாய், ஆஜ் ஃபேமிலி டே. பேச்சலர் மாஃபி."

"எனக்குப் பொண்டாட்டி, ரெண்டு புள்ள இருக்குடா. ஊர்ல இருக்கு. போய்க் கூட்டிட்டு வரவா?"

அண்ணன் பேசிய தமிழ் அவனுக்குத் தெரியாது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டான். மற்ற நாளில் விடுவார்கள். மற்ற நாளில் அண்ணனுக்கு டூட்டி. வாளி பிடிக்கிறவன் என்று எனக்கு மட்டும் கழுத்தில் அட்டை இருந்தது. உள்ளே போனேன்.

கிளைக்கு முன்னால் இங்கிலீஷில் ஏதோ எழுதி வைத்திருந்தார்கள். புருஷனோடு வந்திருந்த நாகர்கோவில் நர்ஸ் ஒருவர் படித்துச் சொன்னார். "பாலைவனத்துல கெடச்ச கிளைன்னு போட்டிருக்கு."

போனில் ஒரு படம் பிடித்தேன். அண்ணன் வெயிலில் கார்களுக்கு நடுவே நின்றிருந்தார். போனை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இலையெல்லாம் எங்கடா?"

"கிள்ளிட்டாங்கண்ணே."

"இலை இல்லன்னா இது வேம்புன்னு எவனுக்குத் தெரியும்? பேராவது எழுதியிருக்கா?"

எழுதியிருந்ததைச் சொன்னேன்.

"கெடச்சதாமா?" என்றார். கொஞ்சம் சிரித்தார். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "வா, ரூமுக்குப் போவோம்."

அதற்குப் பிறகு அவர் வாளி வைக்கவில்லை. நாங்கள் சிலர் ஊற்றினோம், பிறகு மறந்தோம். ஏசித் தண்ணீர் சும்மா மண்ணில் சொட்டியது. அடுத்த கோடையில் மரம் இலையெல்லாம் கொட்டி நின்றது, மேடம் வைத்தது போலவே. அதைப் பார்க்க யாரும் வரவில்லை.

மேனேஜர் மாற்றலாகிப் போனார். அண்ணன் விசா கேன்சல் ஆகி ஊருக்குப் போனவர்தான், தகவல் இல்லை. கேம்ப்பை இடித்துவிட்டார்களாம். என் போன் கெட்டபோது அந்தப் படமும் போனது. அங்கே ஒரு வேம்பு நின்றது என்பதற்கு இப்போது நான் சொல்வதுதான் சாட்சி.