தமிழில் பாஸ்வேர்ட் வைத்தவர்கள்

ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பை இன்னொன்றில் திறக்க வைப்பதுதான் கண்டியில் என் தொழில். சோறு போடுவது அது, உயிரை வாங்குவது பாஸ்வேர்ட். அதைத் தமிழில் வைத்து மாட்டிக்கொண்டவர்களே, வாருங்கள், சேர்ந்து அழுவோம்.

ஹாஜியாரின் மெஷின்

கட்டுகஸ்தோட்டைப் புடவைக்கடை ஹாஜியார், கடைக் கம்ப்யூட்டருக்கு மகளின் பெயரைத் தமிழிலேயே பாஸ்வேர்டாக வைத்துவிட்டார். அன்றோடு ஸ்கேன் மெஷின் எடுக்கும் பிரதிகள் கம்ப்யூட்டருக்கு வருவது நின்றுபோனது. மெஷினிலும் அதே பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். அதிலோ ஆங்கில எழுத்து மட்டும்தான். மூன்று தடவை விளக்கினேன். அவர் ஒரு தமிழ்க் கடிதத்தை மெஷினில் வைத்துப் பிரதி எடுத்து என் கையில் தந்தார்.

"இந்தா பாருங்க தம்பி, அச்சொட்டா எடுக்குது. வாசிக்கத் தெரிஞ்சதுக்கு எழுதத் தெரியாதா?"

விறைத்த வாய்

அம்பிட்டியவில் பல் வைத்தியர் ஒருவர், யாழ்ப்பாணத்து அம்மா. நோயாளிக்கு ஊசி போட்டு வாய் விறைத்தாயிற்று. எக்ஸ்ரே படமோ முன்னறைக் கம்ப்யூட்டரில். உள்ளறையிலிருந்து திறந்தால் பாஸ்வேர்ட் பிழை என்கிறது. விறைப்பு போவதற்குள் வழி சொல்லச் சொல்லித் தொலைபேசியில் பதறினார். கீபோர்ட் ஆங்கிலத்துக்கு மாறியிருக்கும், தமிழில்தான் அடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

"தம்பி, நான் அடிக்க அடிக்கப் புள்ளிதான் வருது. புள்ளியில எது தமிழ், எது இங்கிலீஷ் எண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

இரண்டு 'கொ'

ஹேவாஹெட்டப் பாடசாலையில் பாஸ்வேர்ட் 'கொழுந்து'. அதிபர் அறையில் திறக்கும் கோப்பு, சாந்தி டீச்சரின் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. உள்ளே பிள்ளைகளின் பரீட்சை விண்ணப்பங்கள். நண்பகலோடு கெடு முடிகிறது. டீச்சர்தான் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார் என்று ஆசிரியர்கள் முன்னால் அதிபர் கத்தியிருந்தார். நான் போனபோது டீச்சரின் கண் சிவந்திருந்தது.

இரண்டு கம்ப்யூட்டரிலும் அந்தச் சொல்லை வெற்றுப் பக்கத்தில் அடித்து, பின்னாலிருந்து அழித்துப் பார்த்தேன். ஒன்றில் 'கொ' ஒரே தட்டில் 'க' ஆனது. மற்றதில் 'கெ' ஆகி நின்றது. கண்ணுக்கு ஒரே எழுத்து, உள்ளே இரண்டு விதமாகப் பதிகிறது. டீச்சரின் கம்ப்யூட்டரிலும் அதிபருடையதில் இருக்கும் அதே தமிழ்க் கீபோர்ட் மென்பொருளைப் போட்டேன், கோப்பு திறந்தது, விண்ணப்பங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. "அப்ப யார் மேலயும் தப்பில்ல" என்று அதிபர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"'கொ'தான் சார் ரெண்டு. மன்னிப்பு ஒன்னுதான். அத எல்லார் முன்னாலயும் கேளுங்க."

இப்போதெல்லாம் போகுமிடமெங்கும் ஆங்கிலத்தில் பாஸ்வேர்ட் வைத்துக் கொடுத்துவிட்டு, தமிழ்த் துரோகி என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக பஸ் ஏறுகிறேன்.