பனிமூட்டத்துக்குள் ஒரு பாட்டு

நீண்ட தூரம் ஓடுவதற்கென்றே நான் வைத்திருக்கும் மோட்டார்சைக்கிளில் பழைய ஸ்பீக்கர்களின் பாட்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். போன தை மாதம் புது ஸ்பீக்கர்களும் பெரிய அம்ப்ளிஃபயரும் பூட்டினேன். கோப்பாயில் எங்கள் வீட்டடியில் சத்தமாகப் போட்டால் அயல் விடாது. அதனால் போட்டுப் பார்க்க ஒரு விடியற்காலையில் குருநகர் கடற்கரைக்குப் போனேன். கடலே தெரியாத பனிமூட்டம்.

இரண்டாவது பாட்டில் ஓர் அக்கா ஓடி வந்தார். ஏசப் போகிறார் என்று பாட்டை நிறுத்தினேன்.

"நிப்பாட்டாதை தம்பி! என்ரை மனுசன் கடலுக்கை. கரை தெரியாமல் நிக்கிறார் போலை, ஃபோனும் வேலை செய்யுதில்லை. இன்னும் கூட்டிப் போடு."

"என்ன பாட்டு அக்கா போட?"

"எதெண்டாலும் போடு. அவருக்குக் கேட்டால் காணும்."

வண்டியைக் கடல் பக்கம் திருப்பி, பற்றரி இறங்காமல் எஞ்சினை ஓடவிட்டு, சத்தத்தை முழுவதும் கூட்டினேன். என்னிடம் இருந்ததெல்லாம் கலியாண வீட்டுக் குத்துப்பாட்டுகள். அக்கா செபமாலையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு பாட்டும் முடிய, வண்டி எஞ்சினையும் நிறுத்திவிட்டு இருவரும் காது கொடுத்தோம். கனநேரத்துக்குப் பிறகு, அப்படியான ஓர் இடைவெளியில்தான் படகின் எஞ்சின் சத்தம் கேட்டது.

கரையில் இறங்கிய மனிதர், "நானும் எஞ்சினை நிப்பாட்டி நிப்பாட்டிக் கேட்டுத்தான் வந்தனான். இங்கை ஆருடைய கலியாணம்?" என்றார்.

அப்போதுதான் அக்கா அழுதார்.

நல்ல சத்தத்துக்காக அவ்வளவு மினக்கெட்டவன் நான். அன்று பாட்டு எப்போது முடியும் என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன்.