எட்டில் ஐந்து

என் செருப்புதான் முதலில் மிதந்தது. கொச்சித் துறைமுக வாயைத் தாண்டி அரை மணி நேரம் ஆகியிருக்கும். தண்ணீர் பாட்டில் எடுப்பதற்காகப் படகின் அறைக்குள் இறங்கினேன். ஏணியடியில் கழற்றிப் போட்டிருந்த இடது கால் செருப்பு, யாரோ அனுப்பி வைத்தது போல மெதுவாக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே நின்றேன். முப்பத்தொரு வருடம் தர ஆய்வாளனாக இருந்தவன் நான். எந்தக் கோளாறுக்கு யாரிடம் முதலில் சொல்ல வேண்டும், எந்தப் படிவத்தில் எழுத வேண்டும் என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கணுக்காலைத் தண்ணீர் தொட்டபோது அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

திருப்பூர்க்காரனுக்குப் படகு எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேள்வி நியாயமானதுதான். எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போவது பனியன், மனிதர்கள் இல்லை. ஏற்றுமதிக்குக் கட்டி வைத்த சரக்கில் சிலவற்றை எடுத்துப் பார்த்து, அனுப்பலாம், கூடாது என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. என் மனைவி வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றவள். ட்யூப்லைட்டுக்கு அடியில் ஒவ்வொரு பனியனையும் உள்ளும் புறமும் திருப்பி, தையல் நெடுக விரலை ஓட்டி, விட்டுப்போன தையலையும் ஓட்டையையும் பிடிப்பாள். எங்கள் கல்யாணமே அந்த மேசையருகில் முடிவானதுதான். இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகளும் வெளிநாட்டில் குடியேறிய பிறகு, ஒரு மதியம் சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னாள்: “ஏனுங்க, நாம பாத்து அனுப்புன துணி அத்தனையும் கப்பல்ல போயிருக்குது. அது போன வழிய நாம ஒருக்கா பாக்க வேண்டாமுங்களா?”

கப்பல் டிக்கெட்டைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது சொந்தமாக ஒரு பாய்மரப் படகு. இரண்டு பேர் உள்ளே படுத்து எழுந்து, சமைத்துச் சாப்பிட்டு, கரையை ஒட்டி ஊர் ஊராகப் போகிற மாதிரி ஒன்று. எனக்குத் தண்ணீர் என்றால் பயம். சின்ன வயதில் கிணற்றில் விழுந்தேன் என்று ஒரு காரணம் சொல்ல ஆசைதான், விழவில்லை. காரணமே இல்லாத பயம். அதை அவளிடம் சொல்லவும் முடியவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். ஆறு வாரம் நீச்சல் வகுப்பு; அவள் மிதந்தாள், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலைமை தாங்கினேன். கொச்சியில் பத்து நாள் பாய்மரப் பயிற்சி. பிறகு நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஓர் ஆய்வுப் பட்டியல். இந்தப் பட்டியலைத் தாண்டி எந்தப் படகும் உயிரோடு வராது என்பது என் நம்பிக்கை.

முதல் படகு பெரியது. அதன் பாயை இழுத்துக் கட்ட எங்கள் வயதில் இன்னும் இரண்டு பேர் தேவைப்படும். இரண்டாவதில் தரைப் பலகை காலுக்கு அடியில் அமுங்கியது. இரண்டையும் கூடாது என்று எழுதிய அன்று எனக்குப் பசி நன்றாக எடுத்தது. மூன்றாவது, கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு தூத்துக்குடிக்காரருடையது. துறையில் எல்லோரும் அவரை சீஃப் என்றே கூப்பிட்டார்கள். முழங்கால் ஒத்துழைக்காததால் விற்கிறார். இருபத்தெட்டு அடி. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், எஞ்சினைச் சுற்றிக் கை போகும், பாயை ஒருவரே சுருட்டலாம். கேள்விக்குக் கேள்வி அந்தப் படகு பதில் சொல்லிக்கொண்டே வந்தது. தள்ள ஒரு காரணமாவது கிடைக்குமா என்று பட்டியலை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

அந்தப் படகின் அடியில், நீர்மட்டத்துக்குக் கீழே, எட்டு ஓட்டைகள். எஞ்சினைக் குளிர்விக்க, கழிவறைக்கு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாயும், அதை அடைக்க ஒரு வால்வும் உண்டு. எங்கள் தொழிலில் சரக்கு முழுவதையும் பார்ப்பதில்லை. இத்தனைக்கு இத்தனை என்று அட்டவணை இருக்கிறது. எட்டுக்கு ஐந்து. எண்களைச் சீட்டில் எழுதி, கண்ணை மூடி ஐந்தை எடுத்தேன். முகப்பில், கழிவறைக்குப் பின்னால் இருந்த வால்வு சீட்டில் வரவில்லை. அங்கே குப்புறப் படுத்து, தோள்வரை கையை இருட்டுக்குள் விட வேண்டும். அடியில் கருப்பாகத் தண்ணீர் தெரிந்தது. வராதது எனக்கு எவ்வளவு நிம்மதி என்பதை யாரும் கவனிக்கவில்லை. பார்த்த ஐந்தும் சரியாக இருந்தன. ஏற்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாங்குவதற்கு முன் சீஃபோடு ஒருமுறை கடலில் ஓட்டிப் பார்ப்பது மட்டும் பாக்கி.

அந்த ஓட்டத்தில்தான் செருப்பு மிதந்தது. போனவன் திரும்பவில்லையே என்று இறங்கி வந்த என் மனைவி, என் முகத்தைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், மேலே பார்த்து சீஃபைக் கூப்பிட்டாள். அவர் வருவதற்குள் மண்டியிட்டு, படகின் சுவரோடு விரலை ஓட்டிக்கொண்டே முன்னால் நகர்ந்தாள். கழிவறைக்குப் பின்னால் குழாய் கழன்றிருந்தது. வால்வை மூடப் பார்த்தாள். துருவேறிய கைப்பிடி ஒடிந்து கையோடு வந்துவிட்டது. எஞ்சின் துடைக்கப் போட்டிருந்த பனியன் வேஸ்ட் துணியை வாரி ஓட்டையில் திணித்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். சீஃப் அடைப்புக் கட்டையைத் தேடிக் கீழே இறங்க வேண்டும். சுக்கானைப் பிடிக்க மிச்சமிருந்தவன் நான் ஒருவன்; மேலே ஏறினேன். “இத விடாமப் புடிங்க சாரே. அந்தா செவப்பு மிதவை தெரியுதுல்லா, அதப் பாத்தே போங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் போல என் வாழ்க்கையில் எதுவும் நீண்டதில்லை. மிதவையைப் பார்க்கச் சொல்லியிருந்தார். நான் அறைக் கதவு வழியாகத் தெரிந்த இரண்டு உள்ளங்கால்களையும் பார்த்தேன். படுத்திருந்த என் மனைவியின் கால்கள். தண்ணீர் குதிகாலைத் தொட்டுத் தொட்டு விலகியது. அந்தக் கால் அசைந்தால் மூச்சு விட்டேன், அசையாவிட்டால் விடவில்லை. அவளை இங்கே கொண்டுவந்தது என் கையெழுத்து. மிதவையையும் கால்களையும் மாறி மாறிப் பார்த்ததில் படகும் குடிகாரன் போல வளைந்து வளைந்து போனது. கீழே கட்டையை அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கைப்பம்பின் சத்தம். அதற்கு அப்புறம் எப்படித் துறைக்கு வந்தோம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

துறையில் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே கேட்டாள், அந்த வால்வைப் பார்த்தீர்களா என்று. எட்டில் ஐந்து என்றேன். சீட்டில் வரவில்லை என்றேன். அட்டவணையை விளக்கவும் ஆரம்பித்தேன்.

“அட்டவணைய எனக்குத் தெரியாதுங்களா? பனியன்ல ஓட்டை இருந்தா வாங்குனவன் கடையில திருப்பிக் குடுப்பான். நாம ஆருகிட்டப் போயித் திருப்பிக் குடுக்கறதுங்க?” என்றாள். துப்பட்டாவின் மறுமுனையை முறுக்கியபடி, “மிச்சம் மூணையும் பாக்கப் பத்து நிமிசம் ஆயிருக்குமுங்களா?” என்று கேட்டாள்.

“ஆயிருக்காது. பயமா இருந்துச்சு, அம்மிணி. கைய உள்ள உட பயம். மொதல்ல இருந்தே பயந்தான்.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். பிழிந்த துப்பட்டாவை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“எனக்கும் பயந்தானுங்க. நீச்சக் கொளத்துல எறங்குன அன்னையிலிருந்தே. நூத்திப் பன்னண்டு கேள்வி எழுதுனீங்களே, ஒண்ணுலயாவது அதக் கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்.”

சற்றுத் தள்ளி, தலை குனிந்து நின்றிருந்த சீஃப், அப்படியானால் படகு வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று மெதுவாகக் கேட்டார். “வேண்டாம்னு ஆருங்க சொன்னாங்க? எட்டையும் புதுசா மாத்திப் போடுங்க. நான் வந்து பாக்கறேன்” என்றாள் அவள். பயந்தால் சரக்கைத் தள்ளிவிட வேண்டும் என்பதுதான் அதுவரை நான் அறிந்த முறை. பயத்தை வைத்துக்கொண்டே ஒன்றை விரும்பலாம் என்பதற்கு என்னிடம் படிவம் இல்லை.

இரண்டு வருடமாகப் படகு எங்களிடம் இருக்கிறது. வடக்கே கண்ணூர் வரை போய் வந்தோம். அந்தப் பட்டியலை நான் இப்போது பயன்படுத்துவதில்லை. காலையில் அவள் எட்டு வால்வையும் திருப்பிப் பார்க்கிறாள். முகப்பில் இருப்பதை நான் குப்புறப் படுத்து இன்னொரு முறை திருப்புகிறேன். பிறகு, காபி குடித்தாயா என்று கேட்பது போல, பயமாக இருக்கிறதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். இருக்கிறது என்று இரண்டு பதில் வந்ததும் கயிற்றை அவிழ்ப்போம். போன மாதம் ஒரு நாள் வானம் சுத்தமாக இருந்தது, காற்றும் சாதுவாக இருந்தது. அவள் கேட்டாள், இல்லை என்றேன். நான் கேட்டேன், அவளும் இல்லை என்றாள். இரண்டு பேரும் எதையோ பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று தோன்றியது; கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினேன். அன்று நாங்கள் புறப்படவில்லை.