எட்டுக் கில்ட்டும் களிசான் கால்களும்

தைத்துக் கொடுத்த பிறகு துணியை மறந்துவிடலாம் என்பதுதான் தையல் தொழிலில் உள்ள ஒரே நிம்மதி. எனக்கு அதுவும் வாய்க்கவில்லை. கந்தையா அண்ணை சொன்ன ஒரு கதையைப் பல வருடம் சந்தேகித்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சந்தேகம் இன்றும் முழுதாகத் தீர்ந்ததாகச் சொல்லமாட்டேன். கம்பளித் துணியைப் பத்திரமாக எடுத்து வைத்து, பிறகு பூச்சி தின்ற மிச்சத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு என் பாடு விளங்கும்.

துரைசானியின் கால்மேசு

ஐம்பதுகளின் கடைசியில் புதுக்குடியிருப்புச் சந்திக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு தையல் கடை இருந்தது. கந்தையா அண்ணை மலைநாட்டில் ஸ்கொட்லாந்துத் துரை ஒருவரின் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். துரை ஊருக்குக் கப்பலேறியபோது, தன் கிளப் பான்ட் வாத்தியக்காரர் உடுத்த எட்டுக் கில்ட்டுகளை இவரிடம் விட்டுப் போனார். கில்ட் என்பது அந்த நாட்டு ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை. முன்பக்கம் தட்டையாக இருக்கும், பின்பக்கம் முழுக்க மடிப்பு. முத்தையன்கட்டில் காணி கிடைத்து வந்த அண்ணை, அவற்றை எங்கள் ஊர் வாலிபர்களின் பான்ட் குழுவுக்கு இரவல் கொடுத்தார். அதை உடுத்த பிறகுதான் அவர்களைக் கலியாண வீடுகளில் கூப்பிடத் தொடங்கினார்கள். ஒன்று பழுதானாலும் எட்டையும் திருப்பி எடுப்பேன் என்பது அண்ணையின் நிபந்தனை. அளவு திருத்துவதும், வீடுகளில் ஒழுங்காக வைக்கிறார்களா என்று பார்ப்பதும் என் தலையில் விழுந்தன.

எப்படி வைப்பது என்று அண்ணையிடம் கேட்டேன். மடிப்புகளை வெள்ளை நூலால் தளர்வாக ஓடித் தைத்து, ஒரு பக்கத்திலிருந்து பாய் மாதிரி இறுக்கமாகச் சுருட்டி, துரையின் மனைவி துரைசானியின் பழைய கால்மேசு என்ற நீளக் காலுறைக்குள் நுழைத்து, கூரை வளையில் தொங்கவிட வேண்டுமாம். துரை தன் கையாலேயே அப்படிச் செய்வாராம். ஆறடி மனிதனின் பாவாடை ஒரு பெண்ணின் கால்மேசுக்குள் எப்படிப் போகும் என்று கேட்டேன்.

"துரைசானிக்கு நல்ல நீளக் கால், தம்பி" என்றார்.

வாய்க்கால் கல்

நான் நம்பவில்லை. அவர் கொஞ்சம் ருசித்துச் சொன்னதாலா, என் தொழிலுக்குள் எனக்குத் தெரியாத ஒன்றை ஒரு சமையல்காரர் சொன்னதாலா என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அவரவர் வீட்டில் கவனமாக வையுங்கோ என்று மட்டும் சொல்லி எல்லாருக்கும் கொடுத்தனுப்பினேன்.

பெரிய மேளம் அடிக்கும் நடராசாவின் மனைவி புஷ்பம், கில்ட்டை வாய்க்கால் கல்லில் அடித்துத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போட்டுவிட்டா. பிறகு நடராசா இடுப்பில் சுற்றினால் வார் பூட்டுக்கு எட்டவில்லை. இருவரும் கடைக்கு வந்தார்கள். வாரை நீட்டித் தைத்துக்கொண்டே, கம்பளியை அடித்துத் துவைத்தால் சுருங்கும் என்று நான் விளங்கப்படுத்தினேன். புஷ்பம் கணவனின் வயிற்றை ஒருமுறை பார்த்தா.

"துணி சுருங்கேல்லை அண்ணை. போற கலியாண வீடெல்லாம் இவர் மூண்டு தரம் பந்தியிலை இருந்தா எந்த வார்தான் எட்டும்?"

குசினிப் புகை

சின்ன மேளக்காரன் தங்கராசா புத்திசாலி. விதைச் சோளத்தைப் பூச்சி தொடாமல் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவதைப் போலக் கில்ட்டையும் தொங்கவிட்டான். பூச்சி தொடவில்லைத்தான். ஆனால் பக்கத்திலேயே நாயாற்றுக் கருவாடும் தொங்கியது. ஊர்வலத்தில் அவன் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கி மற்றப் பக்கம் போனார்கள். வெயிலில் போட்டும் காற்றில் போட்டும் அந்த மணம் போகவில்லை. சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த கபூர் நானா ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"உங்கட பான்ட் வாறது எனக்கு மேளம் கேக்க முதலே தெரிஞ்சு போகுது, தம்பி."

மற்றக் கால்

குழுவின் தலைவன் சிவம், கில்ட்டை மடித்துப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளியிருந்தான். எடுத்துப் பார்த்தபோது பெருவிரல் போகும் அளவுக்கு ஓட்டை. நான் அதை நூல் பின்னி அடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கந்தையா அண்ணை கடைக்குள் வந்துவிட்டார். ஓட்டையைத் தடவிப் பார்த்தார். இந்த ஒருமுறை பொறுக்கிறேன், இந்த மாரி கழியட்டும், தையில் வந்து பார்ப்பேன், இன்னொரு ஓட்டை கண்டால் எட்டையும் கொண்டுபோவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். முள்ளியவளையில் ஒரு கோயில் திருவிழாவுக்கு மாசியில் வரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். கில்ட் இல்லாமல் போனால் இவர்கள் வெறும் மேளக்காரர். அந்த வேலைக்கு ஊரில் ஏற்கனவே ஆட்கள் இருந்தார்கள்.

வேறு வழி தெரியாமல் அண்ணை சொன்னதையே செய்து பார்ப்போம் என்று சிவம் சொன்னான். துரைசானியின் கால்மேசுக்கு நாங்கள் எங்கே போவது? தைக்கக் கொடுத்துவிட்டு வராமல் போனவர்களின் காக்கிக் காற்சட்டைகள், அதாவது களிசான்கள், என்னிடம் கிடந்தன. கால்களை வெட்டி, அடியை மூடித் தைத்து, காய்ந்த வேப்பிலை போட்டு, சுருட்டிய கில்ட்டுகளை நுழைத்துக் கொடுத்தேன். எட்டு வீட்டுக் கூரைகளில் எட்டுக் கால்கள் தொங்கின. வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய சிவத்தின் மாமியார், வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் அண்ணாந்து பார்த்து மகளிடம் கேட்டாவாம்:

"பிள்ளை, மருமோன் மற்றக் காலோடை எங்கை போயிட்டார்?"

மாரி

அந்த வருடம் மழை விடவேயில்லை. கடையில் என் தோல் வாருக்கே வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தது. தையல் மெசினின் முன்னால் இருந்தபடி நான் அந்தக் கால்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். காற்றுப் போகாத காக்கிக்குள் அவை புழுங்கி உக்கிப்போனால்? பூச்சி தின்றிருந்தால் ஒன்றிரண்டுதான் போயிருக்கும். நானோ நம்பாத ஒரு கதையை நம்பி எட்டையும் ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இடையில் அவிழ்த்துப் பார்க்கக் கூடாது என்பதும் அண்ணையின் கதையில் ஒரு பகுதி.

வாய்க்கால் பெருகி நடராசாவின் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். புஷ்பத்தின் இடுப்பில் குழந்தை, தோளில் காக்கிக் கால். மாற்றுச் சீலைகூட எடுக்கவில்லையாம். இதை மட்டும் ஏன் பிள்ளை தூக்கி வந்தாய் என்று கேட்டேன்.

"இது போனா பான்டும் போகும், இந்த மனிசன் திரும்பவும் என்ரை சட்டி பானையிலை அல்லோ தட்டும், அண்ணை."

தை

பொங்கல் முடிந்து வெயில் எறித்த ஒரு காலையில் எட்டும் என் மேசைக்கு வந்தன. அண்ணை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, வெள்ளை நூலை இழுத்து, உதறிப் பிடித்தார். மடிப்புகள் இஸ்திரிப்பெட்டி வைத்த கையோடு எடுத்தவை போல விழுந்தன. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடராசாவின் கில்ட்டில் கொஞ்சம் ஈர மணம், தங்கராசாவினதில் இன்னமும் கருவாடு. புது ஓட்டை ஒன்றுமில்லை. கதிரையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினார்.

"இனி உங்கடை எண்டே வைச்சிருங்கோ" என்றார்.

சிவம் வெளியே போய் மேளத்தின் கயிற்றை இழுத்துக்கட்டத் தொடங்கினான். அந்தக் கால்மேசை நீங்கள் உண்மையில் கண்ணால் கண்டீர்களா என்று கேட்க நான் வாயெடுத்த நேரம், அண்ணை தன் வண்டிலிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கி என் முன்னால் திறந்தார். உள்ளே, பின்னால் நாடா தொங்கும் எட்டுக் கறுப்புக் கம்பளித் தொப்பிகள். எங்களை நம்பலாம் என்று தெரியும்வரை ஒளித்து வைத்திருந்தாராம்.

அத்தனை நாள் சந்தேகத்தையும் விழுங்கிவிட்டு, இன்னொரு மாரியைத் தாண்ட வேண்டிய ஒரு தையற்காரன் கேட்கக்கூடியதை மட்டும் நான் கேட்டேன்: "அண்ணை, துரை இதுகளை எதுக்குள்ளை போட்டு வைச்சவர்?"